சாலை அறுந்த இரவில் யார் துணை?

தோழரே!

பூண்டி என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? திருவள்ளூரை அடுத்து, கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம். சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும். பூண்டியில் நீர்மட்டம் எத்தனை அடி, வரும் நீர் எவ்வளவு, திறந்துவிடும் நீர் எவ்வளவு என்று மணிக்கு மணி கணக்குச் சொல்வார்கள். ஏடுகள் எழுதும், வானொலி அறிவிக்கும், அமைச்சர்கள் கரைமீது நின்று பார்வையிடுவார்கள். அது தவறென்று நாம் கூறவில்லை. தலைநகர மக்களின் உயிர் அந்தக் கணக்கிலே அடங்கியிருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டை அறிந்தவர் எவரும் ஏரிக் கணக்கை ஏளனம் செய்யமாட்டார்.

ஆனால், தோழரே, தமிழகத்தில் இன்னொரு பூண்டியும் இருக்கிறது. பழனிமலைத் தொடரின் மேல்மலையிலே, ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலே, முகில் தவழும் முகட்டின் மடியிலே இருக்கும் சிற்றூர் அது. கொடைக்கானல் நகரிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று ஊர் ஊராகக் கடந்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் பூண்டி. அதற்கும் அப்பால் கிளாவரை. அந்தப் பூண்டியில் நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது? எந்த ஏடும் எழுதுவதில்லை. எந்த வானொலியும் கூறுவதில்லை. பெயர் ஒன்றுதான், பேறு வேறு!

அந்த ஊர் நமக்கு அந்நியமா? இல்லை. மதுரையிலே கூட்டு வைக்கிறார்களே, அந்தப் பீன்ஸில் மேல்மலை இருக்கிறது. திருச்சியிலே குழம்பு கொதிக்கிறதே, அந்த உருளைக்கிழங்கில் மேல்மலை இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதே கொடைக்கானல் மலைப்பூண்டு, அதன் காரத்தில் அந்த மக்களின் வியர்வை இருக்கிறது. படி படியாக மண்ணைச் செதுக்கி, பனியிலே விதைத்து, குளிரிலே களையெடுத்து, மூட்டை கட்டி, லாரியிலே ஏற்றி, கீழே அனுப்புகிறார்கள். அனுப்புவதற்கு நம்பியிருப்பது ஒரே சாலை. அந்தச் சாலையில் ஒரு மரம் சாய்ந்தால் பயணம் நிற்கும். ஓரிடத்தில் மண் சரிந்தால் வாழ்வே நிற்கும்.

"புயல் என்பது கடற்கரைக்காரர் கவலை அல்லவா? மலைமேல் இருப்பவருக்கு ஏது புயல்? ஏது வெள்ளம்?" என்று கேட்போர் உளர். ஒரு காலத்தில் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தைக் கலைத்தது கஜா.

2018 நவம்பர் 16ஆம் நாள், விடியலுக்கு முன்னர், நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியது கஜாப் புயல். கஜா என்றால் யானை; இலங்கை சூட்டிய பெயர். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். தென்னையைச் சாய்த்தது, கூரையைப் பறித்தது, தஞ்சைத் தரணியின் நெஞ்சைப் பிளந்தது. தமிழகத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டெல்டாவின் துயரத்தை நாடறியும், நாம் கண்ணீர் வடித்தோம், கை கொடுத்தோம். ஆனால் அந்த யானை டெல்டாவோடு நின்றதா? புதுக்கோட்டையைக் கடந்தது, சிவகங்கையைக் கடந்தது, திண்டுக்கல் மாவட்டத்தில் நுழைந்து கொடைமலையை உலுக்கிவிட்டு, கேரளத்தில் இறங்கி, அரபிக்கடலில் போய்க் கலந்தது. மலைப்பாதையில் மரங்கள் விழுந்து கிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தன. மண் சரிந்து தொழிலாளர் மாண்டனர். மேல்மலைச் சிற்றூர்கள் இருளில் மூழ்கின.

இது ஏன் நேர்கிறது? கடலைவிட்டு நிலத்தில் ஏறியதும் புயலுக்கு உணவு குறைகிறது; வெதுவெதுப்பான கடல்நீர் தந்த ஈரமும் வெப்பமும் கிடைக்காமல் காற்றின் வேகம் தளர்கிறது. ஆனால் அது சுமந்துவந்த நீர் தீர்ந்துவிடுவதில்லை. அந்த ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் கொட்டுகிறது. ஆகவே, "புயல் வலுவிழந்தது" என்ற செய்தியைக் கேட்டுக் கடற்கரை பெருமூச்சு விடும் வேளைதான் மலை மூச்சடக்கிக் காத்திருக்கவேண்டிய வேளை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஒரே இரவில் 200 மில்லிமீட்டர் பெய்தால், ஓர் ஏக்கர் கேரட் தோட்டத்தின்மீது விழும் நீர் 8 இலட்சம் லிட்டருக்கும் மேல். எடையோ 800 டன்! சமவெளியில் அது தேங்கி நிற்கும். சரிவிலே நிற்குமா? ஒரு பங்கு மண்ணை அரித்துக்கொண்டு ஓடும்; ஒரு பங்கு மண்ணுக்குள் புகுந்து, மண்துகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்தும். சாலை போடுவதற்காகவும் வீடு கட்டுவதற்காகவும் அடிமண்ணைச் செங்குத்தாக வெட்டிய இடத்திலே, தாங்குவாரின்றி நிற்கும் மேல்மண், கனம் தாளாமல் இறங்கும். அதைத்தான் நாம் மண்சரிவு என்கிறோம்.

"எல்லாம் தலைவிதி, இயற்கை சீறினால் மனிதனால் என்ன ஆகும்?" என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியை நோக்கி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு சென்ற ரயில் வண்டியை அலை விழுங்கியது, ஊரே அழிந்தது. அதே வங்கக்கடலின் கரையில்தான் 1999 அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கிற்று. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013 அக்டோபரில், பைலின் என்னும் கடும்புயல் அதே ஒடிசாவுக்குத்தான் வந்தது. மாண்டோர் தொகை சில பத்துகளில் அடங்கிற்று. காற்று இரக்கம் காட்டியதா? இல்லை. புயல் வருமுன்பே ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களை இடம்பெயரச் செய்திருந்தார்கள். ஊர்தோறும் புகலிடம் கட்டியிருந்தார்கள். யார் யாரை அழைத்துச் செல்வது என்று முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். தலைவிதி மாறவில்லை, தோழரே, தலைமைச் செயலகத்திலிருந்து கடைக்கோடிக் குடிசை வரையிலும் முறை மாறியது! கஜாவின்போது நம் கடற்கரையிலும் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை முன்கூட்டியே முகாம்களில் தங்கவைத்தார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ!

கடற்கரைக்குப் பாடம் கற்றோம். மலைக்குக் கற்றோமா?

கற்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்குச் சாட்சி தொலைவில் இல்லை. பூண்டிக்கு மேற்கே, மலைமுகடுகளுக்கு அப்பால், மூணாற்றை அடுத்த பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பல நாள் அடைமழையில் ஊறியிருந்த மலைச்சரிவு இறங்கி, தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. எழுபது உயிர்கள்! பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள். அந்த இரவில் மின்சாரம் இல்லை. அதனால் தொலைபேசியும் இல்லை. எழுபது பேர் மண்ணுக்குள் கிடந்த சேதி வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில்! தெரிந்த பிறகாவது விரைந்து செல்ல முடிந்ததா? வழியிலிருந்த பெரியவரைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

இந்த ஒரு செய்தியை நெஞ்சிலே நிறுத்துங்கள். மழை அளவைக்கூட மறந்துவிடுங்கள், இதை மறவாதீர்கள். இரவு நேர்ந்த துயரம் காலையில்தான் தெரிந்தது. இடையே இருந்த அத்தனை மணி நேரமும் அந்த ஊருக்கு அரசு இல்லை, அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை, தீயணைப்புப் படை இல்லை. இருந்தவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர். வெறுங்கையால் மண்ணைத் தோண்டியவர் அவர்தாம். இருட்டிலே, கொட்டும் மழையிலே, கால்நடையாகச் சென்று சேதி சொன்னவரும் அந்த ஊர்த் தொழிலாளிதாம்.

மலையூருக்கு நேரும் ஆபத்தின் இலக்கணம் இது. சாலை முதலில் அறும். மின்சாரம் அடுத்து அறும். பேச்சு மூன்றாவதாக அறும். அதன் பிறகு, முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அந்த ஊருக்கு அந்த ஊரே அரசு. கீழேயிருந்து வரும் உதவி, எத்தனை நல்லெண்ணத்தோடு புறப்பட்டாலும், எத்தனை கோடி ரூபாய் மதிப்புள்ளதாயினும், அந்த இரவு முடிந்த பிறகுதான் வரும். ஆகவே, அந்த இரவில் எது வேண்டுமோ, அது மழைக்கு முன்பே மேலே இருந்தாகவேண்டும். மலைமக்களின் சார்பில் நாம் கேட்பது இது ஒன்றுதான்.

என்னென்ன இருக்கவேண்டும்? ஊராட்சி அலுவலகத்திலே, மின்சாரம் இல்லாதபோதும் இயங்கும் கம்பியில்லாக் கருவி ஒன்று. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077 என்பதும், மாநில அறையின் எண் 1070 என்பதும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோபுரம் செத்த பிறகு எந்த எண்ணை அழைப்பது? அடுத்து, மரம் அறுக்கும் இயந்திரமும் மண் அள்ளும் இயந்திரமும் மன்னவனூருக்கு மேற்கே, சாலை அறுந்தாலும் ஊர்ப்பக்கம் இருக்கும்படியாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலாவது நிறுத்தப்படவேண்டும். கீழேயிருந்து ஒன்று, மேலேயிருந்து ஒன்று என்று இரு முனைகளிலும் வேலை தொடங்கினால் சாலை பாதி நேரத்தில் திறக்கும். சரிவில்லாத இடத்திலே, ஓடைக்கு எட்டத்திலே, ஊரார் இரவு தங்கத்தக்க உறுதியான கட்டடம் ஒன்று. பத்து நாளைக்கான அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பால்மாவு, மருந்து. பிரசவ காலம் நெருங்கிய தாய்மாரைப் பெருமழைக்கு முன்பே மருத்துவமனை உள்ள ஊருக்குக் கொண்டுசேர்க்க ஒரு வண்டி. இவ்வளவுதான். அரண்மனை கேட்கவில்லை, அரண் கேட்கிறோம்.

இது சலுகையா? இல்லை, சட்டம்! 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஆபத்து வந்தபின் நிவாரணம் கொடுப்பதோடு நில் என்று சொல்லவில்லை; தடுப்பதையும் தணிப்பதையும் முன்னேற்பாடு செய்வதையும் கடமையாக்குகிறது. தங்கள் ஊழியரைப் பயிற்றுவிக்கவும், கருவிகளை எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்கவும் உள்ளாட்சி அமைப்புகளையே பொறுப்பாளர்களாக ஆக்குகிறது. பொறுப்பைத் தந்துவிட்டுப் பொருளைத் தராதிருந்தால் எப்படி? கையைக் கட்டிவிட்டு நீந்து என்பதற்கு ஒப்பாகும் அது. நம்மவர் ஆண்டாலும், மாற்றார் ஆண்டாலும், இந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை நமக்கு உண்டு.

"சில ஆயிரம் பேருக்காக இத்தனை செலவா?" என்று கோப்பு புரட்டும் குரல் ஒன்று எழும். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. உயிருக்குத் தலைக்கணக்கு பார்க்கத் தொடங்கினால் மக்களாட்சி என்ற சொல்லுக்கே பொருளில்லை. இது முதல் விடை. மலையைக் காப்பது மலைக்கு மட்டுமே அன்று, இது இரண்டாவது. மேல்மலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை ஓடையாகி, அமராவதியாகி, உடுமலையை அடுத்த அணையில் தேங்கி, தாராபுரம் கடந்து, கரூர் கடந்து காவிரியில் கலக்கிறது. வடக்குச் சரிவின் நீர் பழனிக்கு வருகிறது. தெற்குச் சரிவின் நீர் வைகைக்குப் போகிறது. 1977ஆம் ஆண்டில், வேடசந்தூரை அடுத்த குடகனாற்று அணையில், மதகுகளின் தகுதிக்கு மீறி வந்த வெள்ளம் கரைமீது வழிந்து அணையையே உடைத்ததே, மறந்துவிட்டோமா? மேலே எவ்வளவு பெய்கிறது என்பதை உரிய வேளையில் அறிந்தால்தான் கீழே எப்போது மதகைத் திறப்பது என்பதை அறியமுடியும். மலையிலே ஒரு மழைமானி வைப்பது, சமவெளியின் வாசலிலே ஒரு காவலாளியை நிறுத்துவதற்குச் சமம்.

வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்! கொடைக்கானலிலே புகழ்பெற்ற சூரிய ஆய்வகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது என்பதைக் கதிரவனை ஆராய்ந்து கண்டறியலாம் என்ற எண்ணமும் அது எழக் காரணமாயிற்று. ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள ஞாயிற்றை நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் படம் பிடித்துவரும் மலை அது. அதே மலையின் மறுகோடியில், மாடசாமியின் தோட்டத்தில் எவ்வளவு மழை என்பதைச் சொல்லுவார் இல்லை என்றால், குறை அறிவியலிலா? அறிவியலைக் கடைசி வீடு வரையில் கொண்டுசெல்லாத நம்மிடமா?

நம்மிடம் இன்னொரு குறையும் உண்டு. மலையைப் பொறுமையாகத் தாங்கிநின்ற புல்வெளிகளையும் சோலைக்காடுகளையும் நாம் என்ன செய்தோம்? தோல் பதனிட வேண்டுமென்று வாட்டில் நட்டோம், கூழுக்கு வேண்டுமென்று யூகலிப்டஸ் நட்டோம், பைன் நட்டோம். 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்று கண்டார்கள். அயல்மரக் காடு பெருகிற்று, விளைநிலமும் விரிந்தது. பெருங்காற்றில் அந்த மரங்கள் சாலைமீதும் கம்பிமீதும் சாய்கின்றன. இதற்கு உழவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. நட்டது அரசின் திட்டம். கொண்டுபோனது ஆலையின் தேவை. சாய்ந்து விழுவது மட்டும் ஏழையின் கூரைமீதா? சாலையோரத்து ஆபத்தான மரங்களைப் பருவமழைக்கு முன்பே முறைப்படி அகற்றுவதும், சரிவுகளில் புல்லையும் சோலையையும் மீண்டும் வளர்ப்பதும், மலையைச் செங்குத்தாக வெட்டிக் கட்டடம் எழுப்புவோரைத் தடுப்பதும் அரசின் வேலை. அதைச் செய்யவைப்பது நம் வேலை.

இனி, நம் கிளைத் தோழர்களுக்கு ஒரு சொல். கோரிக்கை மனு எழுதிவிட்டோம், கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடக்கூடாது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்னதாக, அக்டோபர் 2ஆம் நாள், ஊர்தோறும் கிராமசபை கூடுகிறது. அந்த நாளைவிட நல்ல நாள் வேண்டுமா? மேலே கூறிய ஐந்தையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். சாலை அறுந்தால் யார் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை அங்கேயே வகுத்துவிடுங்கள். தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், கருவுற்ற தாய்மார், ஓடைக்கரையிலும் வெட்டுச் சரிவின் அடியிலும் உள்ள வீடுகள் என்று பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலில் கட்சி பார்க்காதீர்கள், சாதி பார்க்காதீர்கள், மண் பார்ப்பதில்லை!

மழைமானி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர் டப்பா ஒன்றைத் திறந்த வெளியிலே, மரநிழலும் கூரையோரமும் இல்லாத இடத்திலே வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். அத்தனை மில்லிமீட்டர் மழை. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் கனமழை என்றும், 115.6க்கு மேற்பட்டால் மிகக் கனமழை என்றும், 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை என்றும் வானிலைத் துறை வகுத்திருக்கிறது. பல நாள் ஊறிய மண்ணுக்கு இன்னொரு கனமழை போதும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். பெரியவர்களைவிடச் சரியாகச் செய்வார்கள்.

மலை சரியுமுன் சாடை காட்டும். தரையிலும் சுவரிலும் புதிய விரிசல் தோன்றும். நேராக நின்ற மரமும் கம்பமும் சாயும். நேற்றுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். ஓடை திடீரெனக் கலங்கும். அல்லது, கொட்டும் மழையிலும் திடீரென வற்றும். மேலே எங்கோ அடைபட்டுவிட்டது என்று பொருள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். பிள்ளைகளைத் தூக்குங்கள், பெரியோரைத் தாங்குங்கள், ஓடைவழியே கீழே ஓடாமல், சரிவின் பக்கவாட்டில் விலகிச் செல்லுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகாதீர்கள். பொய்யான எச்சரிக்கையாக முடிந்தால் என்ன நட்டம்? ஓர் இரவுத் தூக்கம். உண்மையான எச்சரிக்கையைப் புறக்கணித்தால்? பெட்டிமுடியைக் கேளுங்கள்.

சமவெளித் தோழர்களே! நிவாரணப் பொருள் திரட்டுவதில் நமக்கு நிகர் யாருமில்லை, கஜாவின்போது கண்டோம். அந்த ஆர்வத்தில் ஒரு பாதியையாவது புயலுக்கு முந்தைய மாதத்துக்கு ஒதுக்குங்கள். நவம்பரில் அனுப்பும் நூறு மூட்டை அரிசியைவிட, செப்டம்பரில் அனுப்பும் பத்து மூட்டை மலையூருக்கு அரியது. புயலுக்குப் பின் கொடுப்பது இரக்கம். புயலுக்கு முன் கொடுப்பது அறிவு. அறிவோடு கூடிய இரக்கம் நமக்கு வேண்டும்.

சென்னைப் பூண்டியில் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை நாடு அறிகிறது. மேல்மலைப் பூண்டியின் ஊராட்சிச் சுவரிலே ஒரு கரும்பலகை தொங்கவேண்டும். அதில் நேற்றுப் பெய்த மழையின் அளவைச் சுண்ணக்கட்டியால் ஒரு சிறுமி எழுதவேண்டும். அவள் எழுதும் எண்ணைக் கம்பியில்லாக் கருவி மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுசெல்லவேண்டும். அதைக் கேட்டு அதிகாரி ஒருவர் எழுந்து உட்காரவேண்டும். அந்த நாள் வரும்வரையில் நமக்கு உறக்கம் ஏது?

அக்டோபர் 2, கிராமசபை. மறவாதீர்!